ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சிங்கப்பூர்

மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலே கால் மணி நேரம். அம்மாவுக்கும் எனக்கும் நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளில் பெரும்பகுதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தி வீட்டிலும், ஒரு மதியத்தை ராஜபாளையத்தில் எங்கள் சொந்த வீட்டுக்கு எதிரே ஒரு மளிகைக் கடை வாசலிலும் கழித்தோம். சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம் நான் இந்த நான்கு நாளைத்தான் சொல்கிறேன். சிங்கப்பூரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலில் எதற்காகப் போனோம் என்பது. என் அக்கா கோமதி அங்கே இருக்கிறாள். தலைப்பிரசவம். நாங்கள் கிளம்பிய அன்று, டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த நிலையில் அவளால் ஊருக்கு வர முடியாது. அத்தானுக்கு ஷிப்ட் வேலை. "எனக்கு மருந்து வேணாம், பொடி வேணாம், அம்மா மட்டும் வந்து பக்கத்துல நின்னாப் போதும்" என்று போனில் சொன்னாள். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பொருட்காட்சி ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு, "நீ என் பக்கத்துல உக்காந்து கொண்டுபோய் விட்டுட்டு வாரதா இருந்தா வாரேன்" என்றாள். நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சென்சார், மோட்டார் பேனல் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

எனக்கு எதையும் பட்டியல் போடாமல் செய்ய வராது. பெட்டிக்கு ஒரு பட்டியல் போட்டேன், நாற்பத்தொரு பொருள். சுக்கு, திப்பிலி, வசம்பு, கருப்பட்டி, பேறுகாலப் பொடி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலை நான்கு. எடை போட்டபோது அறுநூறு கிராம் கூடுதல். நாற்பத்தொன்றாவதாக இருந்த தொட்டில் சேலையை நான் அடித்தேன். அக்காவும் நானும் தூங்கிய சேலை அது. நீலத்தில் மஞ்சள் கரை. "சிங்கப்பூர்ல தொட்டில் விக்கிறாங்கம்மா" என்றேன்.  அம்மா அதை எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். இந்தச் சேலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை

நல்ல நாள் பார்த்து, நேரம் பார்த்துக் கிளம்பினோம். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் ஒத்திகை பார்த்துச் செய்கிறவர். எதிர் மளிகைக் கடைச் சுப்பம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவைத்து, நாங்கள் வாசலில் இறங்கும் நேரத்துக்குச் சரியாக நிறைகுடத்தோடு எதிரே வர ஏற்பாடு செய்திருந்தார். சுப்பம்மா இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதால் குடத்தோடு திரும்பிப் போய் மறுபடி வந்தார். அம்மா அழுதாள். அப்பா மூக்கைச் சிந்தினார். கார் கிளம்பியது.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம், சரியாக இறக்கைக்கு மேலே. அம்மா நடுவில். அந்தப் பக்கம் மம்சாபுரத்துக்காரர் முருகேசன் என்று ஒருவர்; சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், லீவு முடிந்து திரும்புகிறார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அம்மாவுக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. "மம்சாபுரமா தம்பி? எங்க வீட்டுல இருந்து எம்புட்டுத் தூரம்" என்றாள். மீதித் தைரியத்துக்காகக் கண்ணை மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விமானம் ஓடத் தொடங்கியது. இறக்கையின் மேற்பரப்பில் வரிசையாகச் சில தகடுகள் உண்டு. ஸ்பாய்லர் என்பார்கள். தரையிறங்கிய பிறகு அவை நிமிர்ந்து நின்று விமானத்தை மட்டுப்படுத்தும். ஏறுவதற்காக நேராக ஓடும்போது படுத்தே இருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் ஒன்று மட்டும் ஒரு சாண் நிமிர்ந்தது. 'இது படுத்திருக்க வேண்டியது' என்று மனத்துக்குள் ஒரு வரி ஓடியது. பயம் அந்த வரி முடிந்த பிறகுதான் வந்தது. அது முழுதாக வருவதற்குள் இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கி, எல்லாத் தகடுகளும் ஒன்றாக எழுந்தன. பெல்ட் வயிற்றில் இறுகியது. மேலே எங்கோ ஒரு பை உருண்டது. ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. விமானம் குலுங்கி, தேய்ந்து, நின்றது.

அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்தாச்சாட்டி?" என்றாள்.

 அவளே மெல்லக் கண்ணைத் திறந்து என்னைத் தாண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடுபாதைக்கு அப்பால் வெயிலில் கருவேல மரங்கள்.

"சிங்கப்பூரும் நம்ம ஊரு மாதிரி கருவேலங்காடாத்தான இருக்கு. இதுக்கா உங்கக்கா அம்புட்டுப் பெருமை பேசுனா."

முருகேசன் சிரிக்க ஆரம்பித்தார். முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் மூச்சை விட்டார்கள். தலைமை விமானி ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்: "ஓடத் தொடங்கியதும் விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு கோளாறு காட்டியது. பத்திரமாக நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் இருந்தோம்; நிறுத்திவிட்டோம். பிரேக் சூடாக இருக்கும், ஆறும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்." தீயணைப்பு வண்டி வந்து சக்கரங்களைப் பார்த்தது.

முருகேசன்தான் அம்மாவுக்குச் சொன்னார். "இன்னும் மதுரையிலதான் இருக்கோம் பெரியம்மா. பிளேனு கெளம்பும்போதே ஏதோ கெட்டுப்போச்சாம்."

 அம்மா அதன் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளே புழுக்கம். காலடியில் இருந்த பையில் அக்காவுக்காக வாங்கிய இரண்டு கிலோ பால்கோவா. அம்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். பால்கோவா இளகிப் பெட்டியில் நெய் கசிந்திருந்தது. "இது இன்னைக்குத் தாண்டாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். எழுந்து நடக்கக் கூடாது என்று விமானப் பணிப்பெண் சொல்லியிருந்ததால் பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. முன் வரிசையில், கோயில்கள் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு சீனப் பெரியவர், விரலை நக்கிவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இது பாலா, சர்க்கரையா?"

"ரெண்டும்தான்னு சொல்லு. இன்னும் ரெண்டு வாய் எடுத்துக்கிடச் சொல்லு" என்றாள் அம்மா.

அவர் எடுத்துக்கொண்டார். இருபதாவது வரிசைவரை போய்த் திரும்பிய பெட்டி காலியாக இருந்தது. உள்ளே யாரோ நன்றியாக ஒரு சாக்லேட் வைத்திருந்தார்கள்.

பேருந்தில் ஏற்றிப் பழையபடி கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள். உதிரிபாகம் வேறு ஊரிலிருந்து வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்றார்கள். விடுதியில் தங்கலாம், அல்லது வீட்டுக்குப் போய் வரலாம். பாஸ்போர்ட்டில் காலையில் குத்திய புறப்பாட்டு முத்திரையின் மேல் அதிகாரி இன்னொரு முத்திரை குத்தினார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி போடுதாக?"

"ரத்துன்னு போடுறாங்கம்மா. கெளம்பலைன்னு கணக்கு."

"கெளம்பலையா? நெறகுடம் பாத்து, கண்ணீர் விட்டுக் கெளம்பியிருக்கோம். அதெப்படி அவுக கெளம்பலைம்பாக?"

முருகேசனும் நாங்களும் சேர்ந்து ஒரு காரில் வந்தோம். வழி முழுக்க அவர் தன் நான்கு வயது மகளைப் பற்றியே பேசினார். காலையில் அவள் தூங்கும்போது கிளம்பி வந்தவர். இப்போது அவள் விழித்திருக்கும்போது போய் நிற்கப் போகிறார்.  கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அம்மா என் பக்கம் சாய்ந்து, மெல்லக் கேட்டாள்.

"சிங்கப்பூருக்குக் கப்பல் இல்லையாட்டி?"

இல்லை என்றேன். இருக்கலாம், எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் இருந்தது பன்னிரண்டு நாள். அம்மா வராமல் போய்விட்டால் அவளுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, டிரைவரிடம் அம்மா சொன்னாள்: "ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிப்பாட்டுங்க தம்பி. ராஜபாளையம் வேண்டாம்."

சித்தி பார்வதி அம்மாவின் தங்கை. கதவைத் திறந்தவள் பெட்டிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"என்னக்கா, சிங்கப்பூர் பிடிக்கலையா?"

"வழிய மறிக்காம நகருட்டி. பரஸ்தானம் வைக்க வந்துருக்கோம்."

பரஸ்தானம் என்பது இதுதான்: கிளம்ப வேண்டிய நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் பையையோ துணியையோ அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்த நிமிடத்தில் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வழக்கமாகப் பை மட்டும்தான் போகும். இங்கே பையோடு ஆளும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் கிளம்பியாகிவிட்டது. திரும்ப வீட்டு வாசலை மிதித்தால் பயணம் முறிந்துவிடும். அதனால் விமானம் வரும்வரை வழியில் தங்கியிருக்கிறோம். அம்மாவின் சட்டம் இவ்வளவுதான்.

"பரஸ்தானம் மூணு நாளைக்குத்தான் தாங்கும்" என்றாள் சித்தி.

"ஞாயித்துக்கிழமையோட மூணு நாளு. நீ இட்லிக்கு ஊறப்போடு."

சனிக்கிழமை

வெளிநாடு பார்க்க விடுப்பு எடுத்தவள், பார்க்கக் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். நானும் விடவில்லை. சிங்கப்பூருக்காகப் போட்டிருந்த 'முதல் நாள் பார்க்க வேண்டியவை' பட்டியலை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். பதினொரு கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறேன். கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கீழே நின்று தலையை அண்ணாந்து பதினொரு நிலையையும் எண்ணினேன். ஒரு குடும்பம் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னது. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார்கள். "சிங்கப்பூர் போய்க்கிட்டிருக்கோம்" என்றாள் அம்மா. அவர்கள் கிழக்கும் மேற்கும் பார்த்தார்கள்.

பால்கோவா கடையில் அகலச் சட்டியில் பால் வற்றிக்கொண்டிருந்தது. கிண்டுகிறவர் கையை நிறுத்தாமலே வியாபாரம் பேசினார். "எந்த ஊருக்குப் போவுது?" என்றார். சொன்னோம். "அப்பக் கெளம்புற அன்னைக்குக் காலையில வந்து வாங்குங்க. இப்ப வாங்குனா உங்க பிளேனு பறக்குறதுக்குள்ள நீங்களே தின்னு தீத்துருவிய." அதுதான் நடந்திருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை.

கோயிலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்து, என்னிடம் இருந்த முக்கியமான பட்டியலை எடுத்தேன். விமானம் நின்றது ஏன் நல்லது என்று ஐந்து காரணம். ஒன்று, கோளாறு வானத்தில் வரவில்லை, தரையில் வந்தது. இரண்டு, அது உடனே தெரிந்தது. மூன்றாவதை ஆரம்பிக்கும் முன் அம்மா குறுக்கிட்டாள். கல்யாணத்துக்கு முன் அவள் விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டியவள்.

"எங்க தறியில பாவு நூல் ஒண்ணு அறுந்தாப் போதும். அதுல தொங்குற தகடு விழும், தறி நின்னுரும். இதுல தகடு எந்திரிச்சா நிக்குதாக்கும்."

முழுக்கச் சரியில்லை. இடையில் ஓர் எச்சரிக்கை விளக்கும் ஒரு விமானியும் இருக்கிறார்கள். ஆனால் நான் திருத்தவில்லை. "ஆமாம்மா, கிட்டத்தட்ட அதேதான். புரிஞ்சிருச்சில்ல, பொறவு என்ன பயம்?"

"புரிஞ்சிருச்சுட்டி. புரிஞ்சாப் பயம் போயிருமா?"

பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன்.

அப்போதுதான் அக்கா கூப்பிட்டாள். விமானம் நின்றதைச் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாக இருந்தது. பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல், "தொட்டில் சேலை வச்சாச்சாம்மா? இங்க அத்தான் கொக்கியெல்லாம் மாட்டிட்டாக" என்றாள். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நாற்பத்தொன்றாவது வரியை அடித்தது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வச்சாச்சுக்கா" என்றேன். போனை வைத்ததும், "நான் ராஜபாளையம் போய் எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"நீ போய்த் தேடுனா சாயங்காலம் ஆகும். நானும் வாரேன். ஆனா வீட்டுக்குள்ள வரமாட்டேன்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. எங்கள் தெருமுனையில் இறங்கியதுமே அம்மா சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டாள். சொந்தத் தெருவில் அந்தப் பக்கமாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. சுப்பம்மாவின் கடை வாசலில் போய் நின்று, எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

அப்பா வெளியே வந்தார். தோளில் துண்டு, கையில் கரண்டி.

"என்ன, வீட்டுக்காரி ரோட்டுல நிக்கா?"

"பரஸ்தானத்துல இருக்கேன். வாசல மிதிக்கக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். "இருவது வருசம் எல்லையில நின்னுருக்கேன். இப்படி ஒரு எல்லைய நான் பாத்ததில்ல" என்றபடி உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, அம்மாவுக்குப் போட்டுவிட்டு வந்தார். பிறகு காப்பி கொண்டுபோனார். பிறகு தனக்கும் ஒரு நாற்காலி.

நான் பீரோவைத் திறந்தேன். அம்மா தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வழி சொன்னாள்.

"ரெண்டாவது தட்டு. இடது பக்கம். பத்திரிகைக்குக் கீழ."

"இல்லையேம்மா."

"நல்லாப் பாருட்டி. பச்சைச் சேலைக்கும் கொசுவலைக்கும் நடுவுல." இதற்கிடையில் மூக்கைச் சுளித்து அப்பாவிடம் திரும்பினாள். "அடுப்புல என்ன கருகுது?"

"கருகல. முறுவலா வருது."

"ரெண்டு நாளைக்குள்ள என் சட்டியக் கொன்னுட்டிய."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சிங்கப்பூர் போனவள் எதிர்க்கடையில் உட்கார்ந்து தன் வீட்டைத் தானே வேடிக்கை பார்க்கிறாள். "அங்க வெயில் எப்படிக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "நல்ல கருவேலங்காடு" என்றாள் அம்மா. நாங்கள் அதை ஏற்கெனவே சொல்லிச் சிரித்திருந்தாலும் மறுபடி சிரித்தோம்.

சேலை கிடைத்தபோது மழை பிடித்தது. மலையிலிருந்து நேராக வரும் மழை, முன்னறிவிப்பு கிடையாது. கடைக்குள் இடமில்லை, அரிசி மூட்டைகள். சுப்பம்மா தன் வீட்டு நடையைக் காட்டி, "லோபலிக்கி ரா வதினா, நனையாதீங்க" என்று தெலுங்கும் தமிழுமாக உள்ளே கூப்பிட்டார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்தாள். சாலையைக் கடந்தாள். எங்கள் வாசலுக்கு முன்னால் சாக்கடைத் தண்ணீர் ஓடும் வாறுகால் மேல் போட்டிருக்கும் கல்வரை வந்துவிட்டாள். அப்பா குடையை விரித்து நீட்டினார். அவர் கைக்கும் அவள் கைக்கும் இடையே ஒரு முழம்.

"உள்ள வாம்மா. மழையில சாமி ஒண்ணும் சொல்லாது" என்றேன்.

அவள் ஒரு காலைக் கல்லில் வைத்தாள். உள்ளே பார்த்தாள். ஓடிக்கொண்டிருக்கும் டி.வி., கொடியில் அப்பாவின் பனியன், அடுப்படியில் கருகிய சட்டி. எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு காலை எடுத்துக்கொண்டு, குடையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன். அம்மா முழுக்க நனைந்திருந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் தொட்டில் சேலை மட்டும் காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் கிளம்பத் தயாராக இருந்தோம். இட்லித் தட்டில் கை வைக்கும்போது செய்தி வந்தது: உதிரிபாகம் வந்துவிட்டது, சோதித்துப் பார்க்க வேண்டும், விமானம் திங்கட்கிழமை மதியம்.

சித்தி விரல் விட்டாள். "வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாள் முடிஞ்சது. பரஸ்தானம் போச்சு. அதோட திங்கக்கிழமை கிழக்க சூலம். சிங்கப்பூர் கிழக்கதான இருக்கு?"

சூலம் இருக்கும் திசையில் அன்று பயணம் கூடாது. அம்மாவின் சட்டமே இப்போது அம்மாவை நிறுத்தப் போகிறது. அவளுக்கு இது ஒன்று போதும். நியாயமாக, மரியாதையாக, யார் மனமும் கோணாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

அம்மா சட்னியை வழித்தாள்.

"வெள்ளிக்கிழம கணக்குல வராதுட்டி. அன்னைக்குத்தான வெச்சது. வெச்ச நாள எவளாவது சேப்பாளா? சனி ஒண்ணு, ஞாயிறு ரெண்டு, திங்க மூணு."

"சூலம்?"

"வெள்ளிக்கிழமையே கெளம்பியாச்சுல்ல. நடுவழியில இருக்குறவளுக்கு என்ன சூலம்?"

சித்தி விட்ட விரல்களை மடக்கிக்கொண்டாள். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மில்லில் ஒரு இயந்திரம் ஓடாமல் இருக்க நூறு காரணம் சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். ஓட வைக்க ஒரு காரணம் தேடுகிறவர்கள் குறைவு. அம்மா இரண்டு நாளாக எந்தப் பக்கம் நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமை

காலையில் சூடாக இரண்டு கிலோ வாங்கினோம். கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டு, "இன்னும் போவலையா?" என்றார்.

விமானத்தில் அதே இருக்கைகள். அந்தச் சீனப் பெரியவர் திரும்பி அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்; கண் பைக்குப் போனது. முருகேசன் இருக்கை மட்டும் காலி. கதவு மூடுவதற்குக் கடைசியாக, வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி, இம்புட்டு நேரம்?"

"பாஸ்போர்ட்டக் காணோம் பெரியம்மா. வீட்டையே பொரட்டிட்டோம். கடைசியில பாத்தா அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. எம்மக ஒளிச்சு வச்சுருக்கா." சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம நான் வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. மொதத் தடவ கெளம்புனதவிட இது கஷ்டமாப் போச்சு."

அம்மா அவர் கையில் தட்டினாள். சற்று நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"சாமி கோவிக்கும்னுதான் வீட்டுக்கு வரலைன்னு நெனச்சியாக்கும்?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தப் புள்ளையாவது சின்னப்புள்ள. நான் அன்னைக்கு நம்ம வாசல மிதிச்சிருந்தா, என் பாஸ்போர்ட்ட நானே அரிசிப் பானையில போட்டுருப்பேன்ட்டி. எனக்கு என்னையத் தெரியும்."

வாறுகால் கல்லில் அவள் வைத்து எடுத்த அந்தக் காலை நான் நினைத்துக்கொண்டேன். நான் அவளுக்காக ஐந்து காரணம் எழுதி வைத்திருந்தேன். மூன்று நாளாக அவள் ஒரே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள்.

"ஜன்னல்கிட்ட நான் உக்காரட்டா?" என்றாள்.

இடம் மாறினோம். விமானம் ஓடத் தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள், ஆனால் கண்ணை மூடவில்லை. இறக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. "படுத்திருக்கு" என்றாள். "படுத்திருக்கு. படுத்திருக்கு." தறிக்காரியின் கண். இருக்கை சாய்ந்தது, வயிறு கீழே இறங்கியது, கருவேலங்காடு சரிந்து கம்பளமானது. "எந்திரிக்கல" என்று முருகேசனுக்கும் சேர்த்து அறிவித்தாள். முன் வரிசையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது. பால்கோவா வைத்தோம்.

சிங்கப்பூரில் இறங்கியதும் தகடுகள் எல்லாம் எழுந்தன. நான் விளக்க வாயெடுத்தேன். "தெரியும். இப்ப எந்திரிக்கணும்" என்றாள்.

அக்கா வீடு பதினோராவது மாடியில். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்துக்கும் அவ்வளவுதான் நிலை என்று அம்மா லிஃப்டில் எண்ணிக்கொண்டு வந்தாள். அக்கா இடுப்பில் கை வைத்தபடி கதவைத் திறந்தாள்.  "உள்ள வாம்மா" என்றாள்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். ஒரு நொடி வாசலில் நின்றாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான் அப்பாவுக்குப் போன் போட்டு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றேன்.

"எந்த வீட்டுக்கு?" என்றார் அப்பா.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள்.

"இந்தாட்டி. இத ஒன் அரிசிப் பானையில போட்டு மூடு."